பந்து முதலில்

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்த காலம். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பட்டறையில் வாரத்துக்கு ஒரு ஆள்குறைப்புப் பட்டியல் ஒட்டுவார்கள். பெயர் வந்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் கப்பல் ஏற வேண்டியதுதான். பந்து விளையாடுகிறவர்களை மட்டும் தொட மாட்டார்கள். பட்டறைத் துரைக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஆனால் கோல்கீப்பர்கள் நாங்கள் இரண்டு பேர், தேவை ஒருவர். முடிவு ஹங்கேரிக்காரர் கையில் இருந்தது.

அவர் ஈயச் சுரங்கத்தில் எந்திரம் பார்க்க வந்த மனிதர். தன் ஊரில் பேர் போன கோல்கீப்பராம். இரண்டு விரல்கள் நொறுங்கி மடங்காமல் போனபின் பயிற்சி கொடுக்க இறங்கியவர். சாயங்காலம் வந்து அரைகுறை மலாயில் எங்களை வறுத்தெடுப்பார். என்னைக் கண்டால் ஒரே பாட்டுத்தான்: "போலா டுலு." பந்து முதலில், மற்றதெல்லாம் பிறகு. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் சோறு போடுகிறவரை முறைக்க முடியுமா?

கிள்ளான் துறைமுகக் கூலிகளோடு ஆட்டம். இதில் நான் எப்படி நிற்கிறேன் என்று பார்த்துத்தான் அணிக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று முடிவு செய்யப்போவதாக ஹங்கேரிக்காரர் சொல்லிவிட்டார்.

முதல் பாதியில் அவர்களுடைய முன்னாட்டக்காரர் தனியாகப் பந்தோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். பாய்ந்து பந்தைத் தட்டினேன். என் கால் அவர் நெஞ்சில் பட்டுவிட்டது. யோசிக்கவேயில்லை. குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டில் யார்மேல் கால் பட்டாலும் செய்வதுதானே. அதற்குள் இன்னொருவன் ஓடிவந்து பந்தைக் காலிக் கோலில் போட்டுவிட்டான்.

"பரவால்ல தம்பி, விளையாடு," என்றார் கீழே கிடந்தவர்.

இடைவேளையில் ஹங்கேரிக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்னொரு கோல்கீப்பரைச் சட்டை மாற்றச் சொன்னார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, இன்னும் பத்து நிமிடம் தருகிறேன் என்றார்.

ஏழாவது நிமிடமோ எட்டாவதோ, அதே ஆள் மறுபடி தனியாக வந்தார். இம்முறை காலை மடக்காமல், முழு வேகத்தில் அவர் கால்மேல் விழுந்தேன். பந்து என் நெஞ்சோடு இருந்தது. அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. நான் குனியவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தை ஓங்கி உதைத்தேன். ஓரத்தில் ஹங்கேரிக்காரர் கை தட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது.

மறுநாள் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர், என் பெயர் பட்டியலில் வந்ததா என்று கேட்டார். பட்டறைக் கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

"இல்லண்ணே."

"அப்பச் சரி."

மூட்டை தூக்க முடியாத ஆளைத் துறைமுகத்தில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அடுத்த மாதமே அவரைக் கப்பலேற்றினார்கள். தகவல் எனக்கு இரண்டு நாள் முன்பே வந்தது. லீவு கேட்டால் பந்தாட்டக்காரன் என்றும் பாராமல் பட்டியலில் என் பெயரை எழுதிவிடுவார்களோ என்று பயந்து, நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை.