நாலு கட்டம், மூணு பெருக்கல்

அந்தச் சிறிய அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், நாற்பது வயதில் மறுபடி வேலைக்கு வந்தவள். அங்கே ஆறு பேர் சேர்ந்து புதிதாக ஒரு கணினி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் பத்தொன்பது இலக்கத்தைத் தாண்டினால் விடை குப்பையாக வந்தது. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் பெருக்க வைப்பது அவள் பொறுப்பு.

"ஆபீஸ்ல என்ன வேலை?" என்று கணவன் கேட்டால், "பெருக்கறதுதான்" என்பாள்.

"அப்படியே வீட்டையும் கொஞ்சம் பெருக்கக் கூடாதா?" என்பான், டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரியான அவன்.

பள்ளியில் படித்த மாதிரியே முதலில் எழுதினாள். ஒவ்வொரு இலக்கத்தையும் எதிர் எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தாலும் பெருக்க வேண்டும். விடை சரிதான். ஆனால் லட்சம் இலக்கம் கொண்ட இரண்டு எண்களுக்கு இருபது நிமிடம் இழுத்தடித்தது. எண்களை இரண்டிரண்டு பாதியாக வெட்டிப் பார்த்தாள். முன்பாதிகளுக்குள் ஒன்று, பின்பாதிகளுக்குள் ஒன்று, குறுக்கே இரண்டு என்று நாலு பெருக்கல். வேலை குறையவே இல்லை. மூன்று வாரம் மண்டை காய்ந்தது.

ஒரு ஞாயிறு காலை, கணவன் சாப்பாட்டு மேசையில் ஒரு கூடத்தின் படத்தை விரித்தான். நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, நாலு கட்டம். ஒரு மூலைக்கு வெள்ளை டைல்ஸ், எதிர்மூலைக்கு நீலம், மீதி இரண்டுக்கும் சாம்பல்.

"சாம்பல் ரெண்டோட பரப்பளவையும் தனித்தனியா பெருக்கிக் கூட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன பைத்தியமா? வெள்ளைக்கும் நீலத்துக்கும் எப்படியும் பார்த்தாச்சு. மொத்தக் கூடத்துக்கு ஒரு தடவை பெருக்கி, அந்த ரெண்டையும் கழிச்சா மிச்சம் சாம்பல்."

"மூணே பெருக்கல்!" என்று அவள் போட்ட கூச்சலில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "எனக்கும் குறுக்கே வர்ற ரெண்டு பெருக்கலோட கூட்டுத்தொகை போதுங்க, தனித்தனியா வேண்டாம்!"

திங்கட்கிழமை எழுதி ஓட்டினாள். விடை தப்பு. பாதிகளைக் கூட்டும்போது ஒரு இலக்கம் கூடலாம் என்பதை மறந்திருந்தாள். திருத்தினாள். பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கிக்கொண்டே போக, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு பெருக்கல் மிச்சமானது. அதே லட்சம் இலக்க எண்களுக்கு இருபத்திரண்டு நொடியில் விடை வந்து நின்றது. பழைய விடையோடு ஒப்பிட்டாள். இரண்டு லட்சம் இலக்கமும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

பக்கத்து மேசைக்காரர் எதையோ தேடிப் படித்துவிட்டுத் தயங்கினார். "அக்கா, இதை யாரோ எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்களே."

"அப்போ நான் வந்தது சரியான வழிதான்!" என்று சிரித்தாள்.

அன்று பிற்பகல் யாருக்கும் வேறு வேலை ஓடவில்லை. ஆளாளுக்கு ஒரு ராட்சத எண்ணோடு அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். மேலாளர் தன் போன் நம்பரை ஆயிரம் தடவை ஒட்டி எடுத்துவந்து, "இதை இதாலேயே பெருக்குங்க பார்ப்போம்" என்றார்.

"வரிசையில வாங்க சார்" என்றாள் அவள்.