புல்வெட்டி மிஷினின் காயில்

அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்து நான் பார்த்தது, மரம் அறுக்கிற செயின்சா மிஷின் செத்துப்போன அந்த மழைக்காலத்தில்தான். பெங்களூரில் மழை பெய்தால் மரம் விழும். மரம் விழுந்தால் அப்பாவுக்கு வேலை வரும். மற்ற வீடுகளில் குடை தேடுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் பெட்ரோல் கேனைத் தேடுவார்கள். அந்த வருடம் மழையில் ஒரு குறையும் இல்லை. மிஷின்தான் நின்றுவிட்டது.

அது அப்பாவைவிட வயதான மிஷின். குடகுப் பக்கம் ஏதோ காபித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, பழைய இரும்போடு இரும்பாகச் சிவாஜிநகருக்கு வந்து, அங்கிருந்து அப்பாவின் கைக்கு வந்தது. மேலே இருந்த கம்பெனிப் பெயர்கூடத் தேய்ந்துபோயிருந்தது. பிளக்குக்குப் பொறி அனுப்புகிற காயில் எரிந்துவிட்டது என்றார்கள். அதைச் செய்தவர்கள் செய்வதை நிறுத்திப் பல காலமாகிவிட்டதாம். கடைக்காரர்கள் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "சிகல்ல சுவாமி" என்று கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். கிடைக்காது, போய் வா.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அந்த வீட்டம்மா அப்பாவுக்காகத் திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் மிஷின் ஓடினால் அப்பா மரம் வெட்டுகிறவர். ஓடாவிட்டால், அம்மா பேசி வைத்திருந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வேலை.

அம்மாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும். மிஷினின் அதிர்வைப் பிடித்துப் பிடித்து அப்பாவின் விரல்கள் காலையில் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துக் கிடக்கும். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடிப்பார். குளிருக்காக அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்து நானும் அதேபோலப் பிடித்துக் குடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஆட்டோ மெக்கானிக். பழைய சாமான் விற்கிற குஜரிக் கடையில் தேடி, ஏதோ புல்வெட்டி மிஷினிலிருந்து கழற்றிய காயில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா அவரைச் சமையல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால், நான் புத்தகத்தைத் திறந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது என்று எல்லோரும் நம்பினார்கள்.

"பாக்கற மாதிரி பாரு. கடசில ஆகாதுன்னு சொல்லிடு."

"அக்கா, மாமாவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவாரு."

"உரிக்கறதுக்கு அந்தாளு கையில பலம் எங்கடா கீது? அதுக்குத்தான் சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்து உச்சியில் இடுப்புக் கயிற்றோடு நிற்கிற அப்பாதான் எனக்கு வேண்டும். கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்கிற அப்பா வேண்டாம். ஆனால் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை.

மாமா வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். புதுக் காயிலின் திருகு ஓட்டைகள் பழைய இடத்தோடு பொருந்தவில்லை. உருட்டு அரத்தால் ராவி ராவி ஓட்டைகளை நீளமாக்கினார். ஒயரை ஒட்டுப் போட்டார். பொய் வேலை செய்கிறவர் இவ்வளவு அக்கறையாக ராவுவாரா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. எல்லாம் முடித்துவிட்டு, காயிலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அப்படி மாட்டினால் பொறி நேரம் தப்பி விழும். இழுத்த கயிற்றை இன்ஜின் வெடுக்கென்று திருப்பிப் பிடுங்கும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"இழுங்க மாமா."

அப்பா இழுத்தார். கயிறு பிடுங்கியது.

"இன்னாடா மச்சான், உங்க அக்கா மாதிரியே எதுத்து இழுக்குது?"

மறுபடி இழுத்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். "வாடா கண்ணு" என்று மிஷினைக் கொஞ்சிப் பார்த்தார். துண்டில் ரத்தம் கசிந்தது எங்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. மாமா குனிந்த தலையோடு, "ஆகாது மாமா" என்றார்.

அப்பா கயிற்றை விட்டார். பிறகு மாமாவின் தோளைத் தட்டினார். "வுடு. நீ இன்னா பண்ணுவ? வயசாயிடுச்சு அதுக்கு. உனக்குத்தான் லீவு வேஸ்ட்டு."

மிஷினைத் துடைத்துச் சாக்கில் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே வீட்டுக்குள் பார்த்து, "ஏம்மா, அந்த வாட்ச்மேன் வேலைக்குத் துணி அவங்களே குடுப்பாங்களா, நாமதான் தெச்சிக்கணுமா?" என்றார். கேலியே இல்லாமல் கேட்டார்.

இதைக் கேட்கத்தான் அம்மா காத்திருந்தாள். வாசலுக்கு வந்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"டேய். ஒழுங்கா மாட்டுடா."

மாமா சாக்கைப் பிரித்து, காயிலைக் கழற்றித் திருப்பிப் போட்டார். காயிலுக்கும் சுற்றுகிற வீலுக்கும் நடுவே மெல்லிய அட்டை நுழைகிற இடைவெளிதான் இருக்க வேண்டும். அட்டையை வைத்துத் திருகை முறுக்கிவிட்டு, அதை உருவிவிடுவார்கள். "விசிட்டிங் கார்டு மாதிரி எதுனா குடுக்கா" என்றார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது: அபார்ட்மெண்ட் மேனேஜர் கொடுத்தது. அம்மா அதைப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினாள். வேலை முடிந்து அந்தக் கார்டு வெளியே வந்தபோது, கிரீஸில் நம்பரெல்லாம் மறைந்துபோயிருந்தது.

மிஷின் முதலில் இருமியது. அப்புறம் அலறியது. சந்து முழுக்கப் புகை. அப்பா சிரித்தார். முதலில் ஏன் ஓடவில்லை என்று அவர் மாமாவைக் கேட்கவே இல்லை.

நான் ஓடிப்போய், "பாத்தியாம்மா, ஓடுது!" என்றேன்.

"எனக்கும் காது கீதுடா" என்றாள்.

அன்றைக்கு அப்பாவும் நானும் ஜெயித்துவிட்டதாகவும், அம்மா தோற்றுவிட்டதாகவும்தான் நினைத்தேன். மறுநாள் விடிகிறபோது அம்மாவே பெட்ரோலில் ஆயில் கலந்து, பாட்டிலைக் குலுக்கி, சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவை நிற்கவைத்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். இத்தனை வருடம் கழித்து, இப்போது என் ஆபீஸ் வண்டி வருவதற்குள் அவசர அவசரமாக அந்த வேலையை நான் செய்கிறேன். அப்பா தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அன்று அதைப் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுப்போன ஆள், ஜெயித்தவருக்கு எதற்காக இதெல்லாம் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.