பிரிக்காத ஸ்டிக்கர்

போட்டோகாரருக்குத் தொழில் வட்டாரத்தில் 'ஸ்டிக்கர்' என்றுதான் பெயர். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய கேமராவின் திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் அவர் பிரிக்கவில்லை. ஸ்கூட்டருக்கென்று சேர்த்தது முழுக்க அந்தக் கேமராவில் போயிற்று. அன்றிலிருந்து பஸ்தான். பாஸ்போர்ட் படம், பிறந்தநாள், பள்ளி விழா எல்லாவற்றுக்கும் பழைய கேமராவே ஓடியது. புதியது காற்றுப் புகாத டப்பாவில், பீரோவில், துணிகளுக்கு நடுவே உறங்கியது.

"அக்கா மக கல்யாணத்துக்குத்தான் அது வெளியே வரும்" என்பார்.

"மகாராணி எழுந்தாச்சா?" என்று மனைவி பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கேட்பாள்.

கல்யாணத் தேதி குறித்த கையோடு அக்கா போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. மாப்பிள்ளை வீட்டுல என்ன கேமரான்னு கேட்டாங்க. நீ பீரோவுல வெச்சிருக்கியே, அதோட பேரைச் சொன்னதும் பழசாச்சேன்னு சிரிச்சிட்டாங்கடா. புதுசா மாத்திக்கிட்டா நீயே எடு. இல்லேன்னா அவங்களே ஆள் வைக்கிறாங்களாம்."

மறுநாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மாற்றிக் கேட்க வாங்கின கடைக்கே போனார். கடைக்காரர் எதையோ அழுத்தி எண்ணிக்கை பார்த்தார்.

"எடுத்ததே நாப்பது சொச்சம் படம்தானா? நேத்து வாங்கின மாதிரி வெச்சிருக்கீங்க சார்."

போட்டோகாரரின் முகம் மலர்ந்தது.

"ஆனா இதை இப்ப யாரும் கேட்கிறதில்ல. கம்பெனியே நிறுத்திட்டான். இனி பேட்டரிகூட வராது."

"பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அன்னைக்குச் சொன்னது."

குரலில் கூச்சம் மருந்துக்கும் இல்லை. துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் நகர்த்திக் காட்டினார். உள்ளே கேமராக்கள், மேலே யாரோ குடித்துப் போட்ட டீ கப்.

"வேணும்னா இதுல போட்டுட்டுப் போங்க. ஸ்க்ரூவுக்காவது ஆகும். புதுசு இதோ, இதைப் பாருங்க. ஆளோட கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல."

அவர் தலைக்குப் பின்னால் ஒருவன் ஏணியில் ஏறி, அடுத்த மாதம் வரப்போகும் மாடலின் விளம்பரத்தை ஒட்டிக்கொண்டிருந்தான்.

போட்டோகாரர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். அந்த வாய், அந்த வாளி, பசை வடியும் அந்த விளம்பரம். மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வைத்த தன் கைகளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. கேமராவையும் டப்பாவையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து அக்காவை அழைத்தார்.

"அவங்க ஆளையே வெச்சுக்கச் சொல்லுக்கா. நான் சாப்பிட மட்டும் வர்றேன்."

"கோபமாடா?"

"இல்ல. குமட்டுது."

"குமட்டுறவன் எப்படிடா சாப்பிடுவே?"

போனை வைத்தார். நகத்தால் திரையின் மூலையைக் கிள்ளி, தாளை ஒரே இழுப்பில் உரித்தார். அடியில் பசை இளகிப்போய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பேன்ட்டில் தேய்த்தும் போகவில்லை.

பஸ் வந்தது. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, கேமராவை வெறுமனே தோளில் மாட்டிக்கொண்டு நெரிசலுக்குள் ஏறினார். யாரோ முழங்கையால் அதை இடித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளை முதல் பாஸ்போர்ட் படமெல்லாம் இதில்தான்.