தோல் வாடை என்று நினைத்தேன்

எனக்குத் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். பட்டாளத்து ஏலத்தில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று பல கை மாறி என்னிடம் வந்தது. தோல் கட்டையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு செம்பட்டிக்குக் கிளம்பினேன்.

“என்னங்க, ஏதோ கருகுது” என்றாள்.

“தோல் வாடைதான், பேசாம வா” என்று அதட்டினேன்.

சற்றுத் தூரத்தில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினோம்.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். அந்த மாடலுக்கென்று நான் வாங்கிவந்த புது பிஸ்டன் ரிங், கிணற்றில் விழுந்த வளையல்போல சிலிண்டருக்குள் நழுவியது. மெக்கானிக் சிரித்தார்.

“பாய், யாரோ சிலிண்டரைக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டிருக்காக. பெட்ரோல் விடுற ஜெட்டு மட்டும் பழைய சின்னது. அம்புட்டுப் பெரிய எஞ்சினுக்கு இது பத்துமா? அதான் சூடேறிக் கருகி இறுகிப்போச்சு.”

அந்த பிஸ்டனுக்கேற்ற ரிங்கும் பெரிய ஜெட்டும் போட்டதும் வண்டி பிரமாதமாக ஓடுகிறது. வழியில் நிறுத்தி ஆறவும் விடுகிறேன். எப்போது நிறுத்துவது என்பதைத் தோலோடு பழகிய என் மூக்கிடம் விடுவதில்லை. பின்னால் இருப்பவள் தோளைத் தட்டினால் போதும்.