கை கேக்குற பசி

என் தம்பி பொண்டாட்டி ஷீலாவைப் பத்திச் சொல்றேன். முன்னாடியே ஒன்னு சொல்லிடறேன், அவளைப் புகழ்ந்து பேசுற ஆளு நான் இல்ல. நாத்தனார்னா நாத்தனார்தான். கல்யாணமாகி அனகாபுத்தூர்ல எங்க வூட்டுக்கு அவ வந்த நாள்லேர்ந்து எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவ பேசினா எனக்குப் புடிக்காது, பேசலைன்னா அதைவிடப் புடிக்காது. ஆனா அவ பண்ணதை யாராவது சொல்லணும். அவளுக்குச் சொல்ல வராது. என் தம்பி சாலமன் ஆரம்பிச்சா பாதியில அழுதுடுவான். அதனால ஏஞ்சல் ஆகிய நான் சொல்றேன்.

ஷீலா ஜாக்கெட் தைக்கிறவ. எங்க சந்துல முக்காவாசிப் பேர் போட்டுகினு இருக்கிறது அவ தைச்ச ஜாக்கெட்தான். ஆளு நல்ல தாட்டியம். தையல் மெஷின் முன்னாடி உக்காந்தான்னா ஸ்டூல் தெரியாது. சின்னதுலேர்ந்தே அப்படி. யாராவது கிண்டல் பண்ணா சிரிச்சுகினே ஒரு முறுக்கை எடுத்துக் கடிப்பா. அதைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

சாலமன் பல்லாவரத்துல லேத் பட்டறையில வேலை பார்த்தான். பிரஷர் இருந்திருக்கு, கண்டுக்கல. ஒரு நாள் முகம், காலெல்லாம் வீங்கிகினு வந்து நின்னான். ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. அதுலேர்ந்து தாம்பரத்துல ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். தண்ணியே அளந்துதான் குடிக்கணும். வெயில் காலத்துல அவன் நாக்கை நனைக்கிறதைப் பார்த்தா பெத்த வயிறு இல்லேன்னாலும் கூடப் பொறந்த வயிறு பத்திகினு எரியும்.

கிட்னி யாரு குடுக்கிறது? நான் குடுக்கிறேன்னு முதல் ஆளா போனேன். எனக்கு சுகர், வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஷீலா ரத்தம் சேர்ந்துச்சு, எல்லாம் சேர்ந்துச்சு. ஆனா அவ உடம்பைப் பார்த்துட்டு டாக்டரு கையை விரிச்சாரு. இந்த எடையில கிட்னி எடுத்தா உங்களுக்கே ஆபத்து, முதல்ல குறைச்சுகினு வாங்கன்னாரு. நடந்து பார்த்தா, முட்டி வீங்கினதுதான் மிச்சம். கடைசியில வயித்துல ஆபரேஷன் பண்ணி இரைப்பையை ஒரு வாழைப்பழம் அளவுக்குச் சுருக்கிடலாம்னாங்க. நான் யோசிக்கச் சொன்னேன். அவ யோசிக்கல.

ஆபரேஷனுக்கு அப்புறம் எடை மடமடன்னு இறங்குச்சு. சந்துல எல்லாரும் யாரு இது புதுசான்னு கேட்டாங்க. அவ ஜாக்கெட்டை அவளே புடிச்சுப் புடிச்சுத் தைச்சுகினா. அப்புறம் எடை இறங்குறது திடீர்னு நின்னுபோச்சு. அடுத்த தடவை போனா அதே எடை, அதுக்கடுத்த தடவை கொஞ்சம் கூடவே. டயட் பாக்குற ஸஹானா மேடம் இன்னா சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. நீங்க சொன்னதுதான் மேடம்னு தரையைப் பார்த்துகினு சொன்னா.

எனக்கு அப்பவே பொறி தட்டிச்சு. வூட்டுல கண்ணுல எண்ணெய் ஊத்திகினு பார்த்தேன். ஒன்னும் மாட்டல. வூட்டுல அவ சாப்பிடறதே சமையல் ரூம்ல, சுவரைப் பார்த்துகினு. தண்ணி குடிக்க வழியில்லாத புருஷன் முன்னாடி தட்டு வெச்சுகினு உக்கார அவளுக்கு மனசு வரல.

நான் வேலை பார்க்குற கடையில லீவு கிடைச்ச ஒரு நாள், டயாலிசிஸ் சென்டருக்குச் சொல்லாமப் போனேன். வெளிய நீட்டு பெஞ்சு. உள்ள புருஷனோ புள்ளையோ மெஷின்ல படுத்துகினு இருக்க, வெளிய இவங்க அரை நாள் குந்திகினு இருப்பாங்க. அந்த பெஞ்சுக்குன்னு ஒரு பழக்கம் கீது. யாரு பொட்டலம் பிரிச்சாலும் எல்லாருக்கும் நீட்டுவாங்க. நீட்டினா வேணாங்கக் கூடாது. ஏன்னா அங்க யாராவது ஒருத்தர் திடீர்னு வர்றதை நிறுத்திடுவாங்க. ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நகர்ந்து உக்காருவாங்க, அவ்ளோதான். நாளைக்கு இந்தக் கை இங்க இருக்குமோ இருக்காதோ, இன்னிக்கு நீட்டுது, வாங்கிக்கோ. அதான் அவங்க நியாயம்.

பக்கத்துல ஞானஜோதின்னு ஒரு அம்மா. அவங்க வூட்டுக்காரரும் உள்ள. அவங்க மடியில மிக்சர் பொட்டலம். ஷீலா கை போகுது, வருது, போகுது, வருது. பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். முட்டை வெள்ளைக்கரு ரெண்டு வாய்க்கே நெஞ்சை அடைக்குதுன்னு அழுவா. மிக்சர் மட்டும் மென்னு கூழாகி வழுக்கிகினு போயிடும் போல, எவ்ளோ போனாலும் போதும்னே தோணாது போல. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம். மாடிப்படிக்கு இழுத்துகினு போயி, என் தம்பி உசிரு உன் வாயில கீதுடி, தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன்.

அவ வாயைத் தொடைச்சுகினு மெதுவாச் சொன்னா. “பசிக்கலக்கா. பசியைத்தான் ஆபரேஷன்லயே எடுத்துட்டாங்களே. வயிறு கேக்கல, கை கேக்குது. அவரு உள்ள நாக்கு வறண்டு கெடக்குறாரு. வெளிய சும்மா குந்திகினு இருந்தா எனக்கு மூச்சு முட்டுதுக்கா. எதையாவது மென்னாத்தான் அந்த நேரம் நகருது.”

நான் செருப்பைத் தேய்ச்சுகினு இறங்கி வந்துட்டேன். அடுத்த தடவை அவ சென்டருக்குக் கிளம்பும்போது, கொக்கி வெக்க வேண்டிய ஜாக்கெட்டெல்லாம் ஒரு பையில அடைச்சு அவ தோள்ல மாட்டிவிட்டேன். ஊசி புடிச்ச கையால மிக்சர் எடுக்க முடியாது இல்ல? ஞானஜோதிக்கு முதல்ல வருத்தம்தான். அப்புறம் ஷீலா ஒரு வழி கண்டுபுடிச்சா. நீட்டினதை மறுக்காமக் கையில வாங்கி, அப்படியே அடுத்த ஆளு கையில வெச்சுடுவா. பெஞ்சு ஒத்துக்கிச்சு.

அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஈஸ்டருக்கு முன்னாடி உபவாசம் இருக்கிற லெந்து காலம் வந்துச்சு. எங்க சபைப் பொம்பளைங்க எல்லாம் சாலமனுக்காகக் காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் உபவாசம் இருந்து ஜெபிக்கிறதா முடிவு பண்ணாங்க. ஊரே பட்டினி கிடக்கும்போது பொண்டாட்டிக்காரி சாப்பிடுவாளா? அவளும் இருந்தா. எங்களுக்கெல்லாம் மத்தியானம் தலை சுத்தும், அவ மட்டும் அசையாம முழங்கால்ல நிப்பா. ஷீலாவுக்கு எப்பேர்ப்பட்ட வைராக்கியம்னு சபையே மெச்சுச்சு. பசியே இல்லாதவளுக்கு இன்னா வைராக்கியம்? அது யாருக்கும் தோணல. நாங்க சாயந்தரம் ஒரு தட்டு சோறு தின்னு சரிக்கட்டிக்குவோம். அவ இரைப்பை ஒரு பிடி. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா போட வேண்டியதை விட்டுட்டா, சாயந்தரம் ஒரேயடியா போட இடம் ஏது?

ஈஸ்டர் முடிஞ்சு எடை பார்த்தாங்க. டாக்டரு கேட்ட எடை வந்துடுச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு நான் அங்கயே சொல்லிட்டேன். அப்புறம் ரத்தப் பரிசோதனை வந்துச்சு. டாக்டரு எங்க மூஞ்சைப் பார்க்கல, பேப்பரையே பார்த்துகினு இருந்தாரு. உடம்புல சத்தே இல்ல, ரத்தம் பாதி கூட இல்ல, இந்த உடம்புலேர்ந்து கிட்னி எடுத்தா இவங்க எழுந்திருக்க மாட்டாங்கன்னாரு. பசி இல்லேங்கிறதால சாப்பாடு வேணாம்னு ஆயிடாதும்மா, இனிமே உங்களுக்கு வயிறு மணி அடிக்காது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடணும்னு சொன்னாரு. மாசக்கணக்கா ஆகலாம்னாரு. அதுவரைக்கும் சாலமன் தாங்குவானான்னு கேட்டதுக்குப் பார்க்கலாம்னாரு.

பார்க்கலாம்னு டாக்டரு சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா? சாலமன் கையில டயாலிசிஸுக்கு ஊசி ஏத்துற நரம்பு அப்பவே அடைச்சுகினு பேஜார் பண்ணிகினு இருந்துச்சு. அவன் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. “வேணாம் டாக்டர். எனக்காக வயித்தை அறுத்துகினா, முடி கொட்டி நிக்கிறா. இன்னும் இன்னா எடுக்கணும் இவகிட்டேர்ந்து? எனக்கு யாரு கிட்னியும் வேணாம்”னான். சொல்லிட்டு வெளிய போயிட்டான். என் தம்பி அவ்ளோ பேசி நான் பார்த்ததில்ல.

ஷீலா வூட்டுக்கு வந்ததும் நேரா அடுப்பு பத்த வெச்சா. ஒரு துண்டு சங்கரா மீனைக் குழம்புல வேகவெச்சு, கிண்ணத்துல எடுத்துகினு வந்து, கட்டில்ல உக்காந்திருந்த சாலமனுக்கு நேர் எதிர்ல உக்காந்தா. கல்யாணமாகி வந்ததிலேர்ந்து பார்க்கிறேன், அந்த மாதிரி ஒரு மூஞ்சை அவகிட்ட நான் பார்த்ததில்ல. அவன் முகத்தைத் திருப்பினான். பாருன்னா. அவன் பார்த்தான். முள்ளு எடுத்து, நகத்தளவு பிச்சு, மென்னு மென்னு முழுங்கினா. நடுவுல குமட்டிச்சு, நெஞ்சைப் புடிச்சுகினு நிறுத்தி மறுபடியும் எடுத்தா. அந்த ஒரு துண்டு மீன் முடியறதுக்குள்ள குழம்பு ஆறிப்போச்சு. அவ கண்ணுல தண்ணி, அவன் கண்ணுலயும் தண்ணி. நான் துடைப்பத்தை எடுத்துகினு பெருக்கின வூட்டையே மறுபடி பெருக்கினேன்.

அன்னிலேர்ந்து அவ எப்பவும் அவன் முன்னாடிதான் சாப்பிட்டா. நான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சுண்டலை வேகவெச்சுக் குடுத்துட்டுப் போவேன், வந்ததும் முட்டை. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாதுன்னு மேடம் சொன்னதால செம்பை எடுத்து ஒளிச்சு வெப்பேன். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு அவ வாயில திணிக்காத குறை. இந்த வாயை மூடுறதுக்கா நான் மாடிப்படியில கத்தினேன்னு எனக்கே சிரிப்பு வரும், ஆனா சிரிக்கத் தெம்பு இருக்காது. ஏன்னா அந்தப் பக்கம் சாலமன் நாளுக்கு நாள் கருத்துகினே போனான். ஒரு தடவை மெஷின்லயே நினைவு தப்பி, மறுபடி கண்ணைத் தெறந்தான்.

மழைக்கு முன்னாடி ஷீலா ரத்தம் ஏறிச்சு. எடையும் நின்ன இடத்துல நின்னுச்சு. சம்மதம் கேக்குற கமிட்டி கூப்பிட்டாங்க. கிட்னி குடுக்கச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டிருக்காங்க. இவ சாலமனைக் கைகாட்டி, “கட்டாயப்படுத்தினது இவரு ஒருத்தர்தான் சார், குடுக்காதன்னு”ன்னு சொன்னாளாம். கையெழுத்துப் போடுறவங்களே பேனாவை வெச்சுட்டு அவளைப் பார்த்தாங்களாம்.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில பச்சை அங்கி போட்டு ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சிருந்தாங்க. முந்தின ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணி கூடக் கிடையாது. என்னைக் கிட்ட வரச் சொல்லி, “அக்கா, பசிக்குது”ன்னா. கையான்னு கேட்டேன். இல்லக்கா, வயிறுன்னா. வயித்தை ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து அவ வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. ஒரு வாய் குடுக்க முடியாத நேரத்துல வந்து கேக்குது பாருங்க. அவ சிரிச்சுகினு இருந்தா. அந்தப் பசியோடவே அவளை உள்ள தள்ளிகினு போனாங்க.

சாயந்தரம் ஷீலா குடுத்த கிட்னி வேலை செய்யுது, சாலமனுக்கு மூத்திரம் இறங்குதுன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. அந்த வார்த்தைக்காக ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல முழங்கால் போட்டு அழுதவ நானாத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் ஷீலாவுக்குக் கஞ்சி குடுக்கலாம்னாங்க. தலையைத் தாங்கிப் புடிச்சுகினு ஊட்டினேன். ஆசையா வாங்கினா. கொஞ்சம்தான் போயிருக்கும். போதும்கா, நிரம்பிடுச்சுன்னா. கிண்ணத்துல இன்னும் கஞ்சி இருந்துச்சு. நான் இன்னொரு ஸ்பூன் நீட்டல.