மாமாவின் போத்தல் கழுத்து

எங்கள் கண்ணாடி அலுமாரியில் ஒரு வைன் போத்தலின் கழுத்து மட்டும் இருக்கிறது. வெட்டிய விளிம்பைத் தரையில் உரசி உரசி மழுக்கியவர் மாமா. அதை விரலில் மாட்டிக் கிற்றார்க் கம்பிகளில் வழுக்கவிட்டால், ஆள் அழுவது போலவே கேட்கும். அம்மாவின் தம்பி அவர். மன்னாரில் கோயில் பாட்டுக்குக் கிற்றார் வாசித்தவர், இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து எங்களோடு தங்கி, பகலில் கால்சாப் பகுதியில் ஒரு சின்யோராச் சீமாட்டியின் வீட்டைத் துப்புரவாக்கினார். மாலையில் சிசிலிப் பையன்களோடு சேர்ந்து மதுக்கடைகளில் கன்ட்ரி, புளூஸ் என்று அமெரிக்கப் பாட்டுகள் பாடினார். தலையில் அகலத் தொப்பி வேறு. அம்மாவுக்கு அறவே பிடிக்காது. "இதென்னடா, எந்த நேரமும் செத்த வீடு மாதிரி!" என்பார். "ஓம் அக்கா, அதுதான் புளூஸ்," என்று மாமா சிரிப்பார்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை, மொண்டெல்லோ கடற்கரை மேடையில் பாட அவருக்கு வாய்ப்பு வந்தது. கசெற் வெளியிடுகிறவர் ஒருவர் கேட்க வருவதாக இருந்தார். மாமா விளக்குமாற்றைப் பிடித்தபடியும் பாடிப் பழகினார். பாட இருந்த அன்று காலை பார்த்து ஊரிலிருந்து தொலைபேசி: அம்மாவையும் மாமாவையும் பெற்ற ஐயா இறந்துவிட்டார். யுத்தம், போக வழியில்லை. சனம் துக்கம் விசாரிக்க வரத் தொடங்கியது. துக்க வீட்டில் பாட்டு ஏது? மாமா கிற்றாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீரில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் அம்மா எழுந்து, கிற்றாரை இழுத்தெடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இஞ்சை உன்னாலை அழ முடியேல்லை. அங்கை போய் அழு."

"சனம் கதைக்கும், அக்கா."

"கதைக்கட்டும். நானும் வாறன்."

அம்மாவே கிளம்பினால் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் பஸ் ஏறினார்கள். நீச்சலுடைக்காரர்களுக்கும் ஐஸ்கிறீமுக்கும் நடுவே எங்கள் செத்த வீடு மணலில் உட்கார்ந்தது. மாமா தொப்பி போடவில்லை. போத்தல் கழுத்து கம்பியில் வழுக்கியதும் அம்மா வாய்விட்டு அழுதார். மேடையில் மாமாவும் அழுதபடியே பாடினார். இத்தாலியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை.

கசெற் வந்தது. மாமா ஒன்றும் நட்சத்திரமாகிவிடவில்லை; ஆனாலும் விரல் மூட்டுகள் வீங்கும்வரை சிசிலியில் ஊரூராகப் போய் வாசித்தார். பிறகு கிற்றாரையும் போத்தல் கழுத்தையும் எங்களிடமே தந்துவிட்டார். கிற்றார் மறுபடி கட்டிலுக்கடிக்குப் போனது.

போன மாசியில் அம்மா போனார். வீடு நிறையச் சனம். மாமா வந்து, அன்றைப் போலவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலுமாரியைத் திறந்து போத்தல் கழுத்தை அவர் கையில் வைத்தேன். வழக்கமான விரலில் ஏறவில்லை. சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தார், ஏறியது.

"சனம் இருக்குது, பிள்ளை," என்றார்.

"இருக்கட்டும் மாமா. இஞ்சையே அழுங்கோ," என்றுவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தேன்.