ஆறாம் தூணை அடைத்த ஓவசியர்

கொழும்பில் நான் கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்த பெரிய ரயில் ஸ்டேஷனில் ஒரு காலமை கணுக்கால் அளவு தண்ணி நின்றது. யாழ்ப்பாண மெயிலில் வந்திறங்கின சனம் வேட்டியையும் சீலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது. மழையில் பிழை இல்லை. பிழை என்னில். இப்ப சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அண்டைக்குச் சிரிப்பு வரவில்லை.

1. முதல் நாள்

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், கரம்பொன்னில் மனுசியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வந்தனான். ஆறு மாதம் புரொபேஷன். வேலை நிரந்தரமானால் குவாட்டர்ஸ் கிடைக்கும், குடும்பத்தைக் கூப்பிடலாம். வேறு நினைப்பே எனக்கு இல்லை.

எனக்கு மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் சதாசிவம் நல்லூர்க்காரர், வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே என்னை ஸ்டேஷன் முழுக்க நடத்திக் காட்டினார். முகப்பில் வரிசையாக வளைவுகள். உள்ளே கண்ணாடி பதித்த கூரை, அதைத் தாங்க இரண்டு வரிசை வார்ப்பிரும்புத் தூண்கள். வெள்ளைக்காரன் காலத்தில் துண்டு துண்டாகக் கப்பலில் வந்து, இங்கே பூட்டினதாம். ஒவ்வொரு தூணின் அடியிலும் நம்பர் வார்த்திருந்தது. அடேயப்பா! எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபங்கூட அவ்வளவு உயரம் இல்லை.

"இந்தத் தூண் உள்ளுக்குக் கோறை, தெரியுமோ?" என்றார். "கூரையில விழுற மழை பீலியால வந்து, தூணுக்குள்ளால இறங்கி, பிளாட்பாரத்துக்குக் கீழ இருக்கிற கழிவுத்தண்ணிக் கானுக்குப் போகுது. வெளியில ஒரு குழாய் காணமாட்டீர்."

"கானுக்கோ? அவ்வளவும் நல்ல தண்ணியெல்லே, சேர்?"

"பின்னை என்ன, உம்மட தீவுக்கே அனுப்புறது?"

நான் சிரிக்கவில்லை. எங்கள் வளவுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணிக்கு மனுசி இடுப்பில் பிள்ளையும் தலையில் குடமுமாக நடக்கிறவள்.

2. அடைப்பு

இன்ஸ்பெக்டர் லீவில் ஊருக்குப் போன கிழமை, ஆறாம் தூணின் அடியில் துப்புரவுக்கென்று இருந்த மூடியைக் கழற்றினேன். கானுக்குப் போகும் ஓட்டையைப் பலகையும் சாக்கும் வைத்து இறுக்கினேன். மூடியில் ஒரு தண்ணிப் பைப் பூட்டி, அதைத் திரும்ப ஆணியால் இறுக்கி, கீழே பீப்பா வைத்தேன். பிளாட்பாரம் கழுவலாமே! பக்கத்திலேயே டவுன் பைப்பில் தண்ணி கொட்டுகிற இடத்தில் இது ஆருக்குத் தேவை? ஒருத்தருக்கும் இல்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

பத்து நாள் ஒரு பிழையும் இல்லை. பிறகு ஐப்பசி மழை பேய்மழையாகக் கொட்டியது. தூண் உச்சிமட்டும் நிரம்பி, பீலியால் வழிந்து, டிக்கெட் எடுக்கிற புக்கிங் ஹோலுக்குள் ஊற்றியது. லீவு முடிந்த இன்ஸ்பெக்டரும் அண்டைக்குக் காலமை வந்த யாழ்ப்பாண மெயிலிலேயே வந்திறங்கினார். தூணைத் தட்டிப் பார்த்தவர் கத்தினார்.

"ஐசே, இதுக்குள்ள தண்ணி நிக்குது! வார்ப்பிரும்பு வெடிச்சால் கூரை கீழ வரும். சனத்தை விலத்தும்!"

சனத்தைக் கலைத்துவிட்டு ஓடிப்போய் மூடியின் ஆணிகளைக் கழற்றினேன். கடைசி ஆணி கழன்றதும் தண்ணி என்னை அடித்து விழுத்தியது. மல்லாந்து கிடந்தபடி பார்த்தேன். கூரை நின்றது.

இன்ஸ்பெக்டர் உள்ளே கையை விட்டுச் சாக்கை இழுத்தெடுத்தார். "எந்த மடையன் இதை அடைச்சவன்?"

வேலையாட்களின் தலையில் கட்டியிருக்கலாம். குவாட்டர்ஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் அடைச்சனான், சேர். நல்ல தண்ணி வீணாப் போகுதெண்டு..."

ஏசுவார் என்று நின்றேன். அவர் சாக்கை என் கையில் தந்தார். "அது போறதாலதான் ஐசே, இந்தக் கூரை இவ்வளவு காலம் நிக்குது" என்றார்.

புரொபேஷனை இன்னும் ஒரு வருஷம் நீட்டி எழுதினார். நியாயந்தான். ஆனால் அந்த வருஷந்தான் என் மகள் நடக்கப் பழகினவள், கதைக்கப் பழகினவள். ஒன்றையும் நான் காணவில்லை. அந்தக் கவலை இன்னும் ஆறவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பழைய கட்டடத்தில் ஒரு ஓட்டையைக் கண்டால், அது ஏன் இருக்கிறது என்று கேட்டுப்போட்டுக் கை வையுங்கோ.

அதுக்குப் பிறகு வந்த முதல் லீவில் வீட்டுக்குப் போய், வெட்கத்தை விட்டு மனுசிக்கு எல்லாம் சொன்னேன். இன்னும் ஒரு வருஷம் தனிய இருக்கவேணும் என்றதும் அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"நான் அங்க நிண்டிருந்தால் ஏழாம் தூணையும் அடைச்சிருப்பன்."